வடக்கே தலை வைத்த கல்

தில்லைநாயகிக்குக் காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. காரணம் ஒரு புகைப்படம். அதில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கல் இருந்தது, வேறொன்றுமில்லை. கல் பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பே. பன்னிரண்டு வருஷமாகச் செவ்வாயில் கல் பார்த்தவள், ஒரு கல்லைப் பார்த்து இப்படிக் கலங்கியது இதுதான் முதல் தடவை.

தென்விளிம்பு என்ற அந்தக் குடியிருப்பில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். வெளியே மூச்சுவிடக் காற்றில்லை என்பதால் பாறையைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். இன்னும் ஐந்து மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்து இறங்கும். பாதி வழி வந்துவிட்ட கப்பலைத் திரும்பிப் போ என்று சொல்ல முடியாது. வருகிறவர்கள் தங்கக் கூடம் கட்டத்தான் புதிய சுரங்கம் ஒன்று சரிவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது அறுபத்திரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்தது.

சுரங்கத்து ஆட்கள் ஷிப்டுக்கு ஒரு கல்லைப் பெயர்த்து, எது மேல்பக்கம் என்று சாக்பீஸால் அம்பு போட்டு, படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஓர் எந்திரம். மேல்காட்டி என்று அதற்குப் பெயர். அந்தக் கல் பல கோடி வருஷத்துக்கு முன்னால் சேறாகவும் மணலாகவும் படிந்தபோது எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது என்று அது கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். மேல் எது என்று தெரிந்தால்தான் எது முந்திப் படிந்தது, எது பிந்திப் படிந்தது, தோண்டத் தோண்ட அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியும். செவ்வாயில் பன்னிரண்டு குடியிருப்புகள் அதன் பேச்சைக் கேட்டுத்தான் பாறையைக் குடைந்தன.

மாதத் தொடக்கத்தில், சுரங்கம் நாற்பது மீட்டரைத் தொடுமுன் பிடித்த படம் அது. அதன் கீழே மேல்காட்டி எழுதியிருந்தது: ‘கல் தலைகீழாகப் பிடிக்கப்பட்டுள்ளது. தொழிலாளியின் தவறு. திருத்தப்பட்டது.’

தில்லை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கல்லில் பழைய வெடிப்புகள் இருந்தன. ஏதோ ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்து, வற்றி, சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் மணல் இறங்கி அப்படியே கல்லாகிவிட்டது. கோடையில் ஏரிக்குள் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், வெடிப்பு மேலே அகலமாக இருக்கும், கீழே போகப்போகக் குறுகும். இந்தப் படத்தில் குறுகின முனை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. சாக்பீஸ் அம்பும் அதே பக்கம்தான் காட்டியது.

கல்லைப் பிடித்தவர் மாற்றிப் பிடித்திருக்க வேண்டும். அதைத்தான் மேல்காட்டி சொல்கிறது. சரி என்று அவளும் அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். ஆனால் ஏதோ உறுத்தவே, அந்த மாதத்துப் படங்களை எல்லாம் வரிசையாகத் திறந்தாள். பதினான்கு கற்களுக்குக் கீழே அதே வாசகம். தொழிலாளியின் தவறு, தொழிலாளியின் தவறு என்று பதினான்கு தடவை.

பதினான்கிலும் அம்பு போட்டிருந்தது ஒரே கை. அவளுடைய அண்ணன் கொளஞ்சிநாதனின் கை.

கொளஞ்சி முப்பது வருஷமாகப் பாறையோடு மல்லுக்கட்டுகிறவன். நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். அப்பா அங்கே சுரங்கத்தில், நிலக்கரிக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் தண்ணீரை இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொண்டவர். பூமிக்கு அடியிலிருந்து தண்ணீர் எப்படி வரும் என்பது அந்த வீட்டில் சோற்றோடு சோறாக ஊட்டப்பட்ட விஷயம். அப்படிப்பட்ட ஆள் பதினான்கு தடவை ஒரு கல்லைத் தலைகீழாகப் பிடிப்பானா?

மேல்காட்டி இப்படித் தொழிலாளி மேலேயே பழியைப் போட எங்கே கற்றுக்கொண்டது என்று தில்லைக்குத் தெரியும். அதுதான் அவளை உறுத்தியது. எந்திரத்துக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

மணி பதினொன்றரை. சுரங்கத்தில் அடுத்த வெட்டு இரண்டு மணிக்கு. தில்லை டார்ச்சையும் பதிவேட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு கல் கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகையில் எட்டு வருஷத்துக்கு முந்தைய பெட்டிகள் அடுக்கியிருந்தன. குடியிருப்பு தொடங்கிய புதிதில் நாற்பது மீட்டருக்கு ரிக் என்ற துளையிடும் எந்திரத்தை இறக்கி, முழங்கை நீளக் கல்லுருளைகளாக எடுத்த பாறை அது. அப்போது ரிக் ஓட்டியது கொளஞ்சி. வந்த உருளைகளைப் படித்து எழுதியது தில்லை. குடியிருப்பு இருந்ததோ ஒரு மாபெரும் பள்ளத்தின் ஓரத்தில். ஏதோ ஒரு யுகத்தில் விண்கல் விழுந்து தோண்டிய பள்ளம். அந்த மாதிரி இடங்களில் விழுந்த வேகத்தில் ஓரத்துப் பாறை அப்படியே பாய் மடிகிற மாதிரி வெளிப்பக்கமாக மடிந்து, கீழே இருந்தது மேலே போய்விடுவது உண்டு. ஆனால் தென்விளிம்பு பள்ளத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மடிப்பு அவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது எல்லோருடைய எண்ணம். அதை உறுதிப்படுத்தத்தான் ரிக் போட்டதே.

அப்போது ஒரு தகராறு நடந்தது. உருளைகளை வைக்கிற பெட்டிகள் கொட்டகையில் வடக்கு தெற்காகக் கிடக்கும். உருளையின் மேல்நுனி வடக்கே இருக்க வேண்டும் என்பது விதி. முதல் சில பெட்டிகளில் அது தெற்கே இருந்ததைத் தில்லை கண்டுபிடித்தாள்.

“ஏண்ணே இப்பிடி வெச்சிருக்க?”

“வடக்க தல வெச்சிப் படுக்க வெக்கக் கூடாதும்மா. பொணத்துக்குத்தான் அப்பிடி.”

“இது கல்லுண்ணே!”

“கல்லுன்னா? பூமிக்குள்ளாற இருந்து மொத மொதல்ல வெளிய வருது. நல்லபடியா படுக்க வெக்க வேணாமா?” என்று கொளஞ்சி வெள்ளந்தியாகக் கேட்டான். அவனோடு வேலை செய்த ஆட்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தில்லைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாலு பேர் முன்னால் கூட்டத்தில் சத்தம் போட்டாள். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. சரி, இனிமே நீ சொல்ற மாதிரியே வடக்க வெக்கிறோம் என்றான். அதுவரை வந்ததெல்லாம் உதிரிக் கல், அதைப் படிக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது பெட்டியிலிருந்துதான் படிவு படிவாக அழகான பாறை வர ஆரம்பித்தது.

அந்தப் பாறை தலைகீழாக இருந்தது. தண்ணீரில் கலங்கிப் படிகிற மண்ணில் பருமணல் முதலில் அடியில் உட்காரும், மெல்லிய வண்டல் மேலே தங்கும். ரசத்தை அசையாமல் வைத்தால் தெளிவு மேலே நிற்பது போலத்தான். பெட்டியில் இருந்த உருளைகளில் தெளிவு அடியிலும் கசடு மேலேயும் இருந்தன. ஒரு படிவில் இல்லை, இருபது படிவிலும் அப்படியே.

தில்லை அன்றைக்கு யோசிக்கவே இல்லை. சிரிப்புத்தான் வந்தது. சொல்லியும் கேட்காமல் இந்த ஆட்கள் மறுபடியும் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினாள். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“இல்ல தில்ல. நீ சொன்னப்பறம் நாங்க திருப்பல. வடக்கதான் தல இருக்கு.”

“கல்லு பொய் சொல்லாதுண்ணே.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

பதிவேட்டில் இரண்டு வரி எழுதினாள். ‘பணியாளர் பெட்டிகளைத் திருப்பி வைத்துள்ளார். பதிவில் திருத்தப்பட்டது.’ பொறுப்பாளர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினாள். சொந்தம் என்று சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம் வேறு அவளுக்கு இருந்தது.

அந்த இரண்டு வரியை மற்றவர்கள் மறந்துபோனார்கள். கொளஞ்சியின் பெயரில் மட்டும் ‘கவனக்குறைவு’ என்ற குறி விழுந்து அப்படியே நின்றுவிட்டது. ரிக்கிலிருந்து அவனை எடுத்துச் சுரங்கம் வெட்டப் போட்டார்கள். அது கூடப் பெரிதில்லை. குறி விழுந்தவர்கள் ஊரிலிருந்து குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது என்பது செவ்வாய்ச் சட்டம். அவன் மனைவி செண்பகவல்லியும் மகளும் நெய்வேலியிலேயே தங்கிவிட்டார்கள். அவன் கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயது. இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். தில்லை அண்ணனுக்காக மூன்று தடவை மனு எழுதிப் போட்டாள், மூன்றும் திரும்பி வந்தன. தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் பெட்டி கீழடுக்கில் இருந்தது. இழுத்துக் கீழே இறக்கித் திறந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதன் பக்கவாட்டைத்தான் பார்த்தாள், படமும் அதைத்தான் எடுத்தாள். உருளையின் நுனிகள் பெட்டித் தடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அவற்றை யாரும் பார்க்கவில்லை. இப்போது முதல் உருளையை மெதுவாக வெளியே எடுத்தாள்.

வடக்கு நுனியில் சந்தனம் தடவி, அதன் நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. காய்ந்து வெடித்திருந்தாலும் அழியவில்லை.

தில்லை டார்ச்சை அதன் பக்கத்தில் பிடித்தாள். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொரு நாளும் ரிக்கிலிருந்து வரும் முதல் உருளைக்கு, அது நின்றபடி இருக்கும்போதே, அண்ணன் டப்பாவைத் திறந்து பொட்டு வைப்பான். ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பா. பொட்டை யாரும் காலில் வைக்க மாட்டார்கள், தலையில்தான் வைப்பார்கள். அந்தத் தலை இதோ வடக்கே கிடக்கிறது. பெட்டியை அவர்கள் திருப்பவில்லை. வடக்கே தலை வைக்க மனம் கூசிய மனுஷன், தங்கச்சி சொன்னாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருக்கிறான்.

அப்படியானால் பாறைதான் திரும்பிக் கிடக்கிறது.

அந்த உருளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம். அதற்கு நேரமில்லை. சுரங்கம் இருபத்திரண்டாவது மீட்டரில் உப்புநீர் ஊறிய மணல் படிவு ஒன்றைத் தாண்டியிருந்தது. அதை உறையவைத்து, வளையம் போட்டு அடைத்து, இனி கீழே காய்ந்த பாறைதான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மடிப்பு என்றால் அந்த நிம்மதிக்கு அர்த்தமே இல்லை. மடித்த பாயில் மேல்மடிப்பில் பார்த்த கரை கீழ்மடிப்பில் மறுபடியும் வரும். நாற்பத்து மூன்றாவது மீட்டரில் நொறுங்கின கல் ஒரு கோடாக ஓடியதே, அதை இடிபாடு என்று மேல்காட்டி ஒதுக்கியதே, அதுதான் மடிப்பின் நடு. அதற்குக் கீழே எடுத்த கற்கள் நேராக இருந்ததும் அதனால்தான். இருபத்திரண்டிலிருந்து நாற்பத்து மூன்றுக்கு இருபத்தொன்று. இன்னொரு இருபத்தொன்று போனால் அறுபத்து நான்கு.

இன்றைய வெட்டு இரண்டு மீட்டர். முடியும்போது அறுபத்து நான்கு.

மேலே பார்த்தது வெறும் கசிவு. கீழே அடைபட்டுக் கிடப்பது அத்தனை பாறையின் எடையையும் தலையில் சுமந்துகொண்டிருக்கிற நீர். தோலில் பட்டால் வெந்துபோகும் உப்பு. ஒரு கீறல் விழுந்தால் முனையில் நிற்கும் ஏழு பேரும் அடுத்த நிமிஷம் இருக்க மாட்டார்கள்.

சுரங்க முனைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எந்திரம் ஓடினால் அங்கே காதே கேட்காது. அபாயச் சங்கை ஊதலாம், ஆனால் அதன் சாவி நிர்வாகியிடம் இருந்தது.

நிர்வாகி அமலோற்பவம் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டி மேய்த்துவிட்டு வந்தவர். தில்லை மூச்சிரைக்க உள்ளே நுழைந்து கல்லுருளையை மேஜைமேல் வைத்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதையும் அவளையும் பார்த்தார்.

“உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க.”

“உக்கார நேரமில்ல மேடம். வெட்டை நிறுத்துங்க. சங்கு ஊதுங்க.”

காரணத்தைத் தில்லை படபடவென்று சொன்னாள். பாதி புரிந்தது போல அமலோற்பவம் முகத்தைச் சுளித்தார். “மேல்காட்டி என்ன சொல்லுது?”

“தொண்ணூத்தாறு சதவீதம் எல்லாம் நேராத்தான் இருக்குங்குது.”

“அப்புறம் என்ன?”

“அது நான் எழுதினதை வெச்சுப் படிச்சது மேடம். கல்லும் ஆளும் முரண்பட்டா ஆள்தான் தப்புன்னு நான் எழுதினேன். அதையே பிடிச்சுக்கிட்டுது. இந்த மாசம் பதினாலு தடவை கல்லு தலைகீழா இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. பதினாலு தடவையும் எங்க அண்ணன் மேல பழியைப் போட்டுத் திருத்திருச்சு.”

அமலோற்பவம் எழுந்து ஜன்னலில்லாத அந்த அறையில் இரண்டு நடை நடந்தார். “தில்லை, சங்கு ஊதினா ஒரு வாரத்துக்கு வேலை நிக்கும். விசாரணை வரும். நீங்க சொல்றது சரின்னா அந்தக் கூடமே கிடையாது. இருநூத்திப் பன்னெண்டு பேர், அதுல முப்பத்தெட்டு பிள்ளைங்க. எங்க படுக்க வைக்க? ஒரு பொட்டை நம்பி இதைச் செய்யணுமா?”

“பொட்டை நம்ப வேண்டாம் மேடம். அண்ணன் அன்னைக்கே சொன்னாரு.”

“என்ன சொன்னார்?”

“திருப்பலன்னு சொன்னாரு.”

“நீங்க?”

தில்லை தரையைப் பார்த்தாள். எட்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. “நம்பல,” என்றாள். “அவர் படிக்காதவர். சாமி, சகுனம்னு பார்க்கிறவர். அவர் சொல்றதைவிட எனக்குத் தெரிஞ்சது பெருசுன்னு நினைச்சேன். அதான் உண்மை. எழுதித் தரேன், கையெழுத்துப் போட்டுத் தரேன். என் உரிமத்தை இன்னைக்கே எடுத்துக்குங்க. சங்கை மட்டும் ஊதுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அமலோற்பவம் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். தில்லை எழுதினாள். அவள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அமலோற்பவம் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியை எடுத்துச் சுவரில் திருகிவிட்டார். சங்கு அலறியது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி பத்து நிமிஷம்.

சங்கு ஊதினால் பத்து நிமிஷத்துக்குள் ஆட்கள் வாயிலுக்கு வந்துவிட வேண்டும். தில்லை வாயிலில் போய் நின்றாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. பதினைந்தாவது நிமிஷமும் யாரும் வரவில்லை. சரிவின் அடியில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன, ஒரு நிழல்கூட அசையவில்லை. வாயில் காவலாள் வேண்டாம் மேடம், போகாதீங்க என்று கத்துவதைக் காதில் வாங்காமல் தில்லை டிராலியில் ஏறிக் கீழே இறங்கினாள். பிந்திவிட்டோம், பிந்திவிட்டோம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஐம்பதாவது மீட்டரில் டிராலி நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. வரைபடத்திலேயே இல்லாத ஓர் இரும்புக் கதவு சுரங்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் ஆறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் எண்ணிப் பார்த்தாள். ஆறுதான்.

“எங்க அண்ணன் எங்க?”

சம்மனசு எழுந்தான். கொளஞ்சியோடு ரிக் காலத்திலிருந்தே வேலை செய்கிறவன். “உள்ள இருக்காருக்கா. நீங்க உக்காருங்க.”

“உள்ள என்ன பண்றாரு? சங்கு ஊதினது கேக்கலையா?”

“கேட்டுச்சு. அதுக்கு முந்தியே எங்கள வெளிய அனுப்பிட்டாரு. ஓட்டைய அடைக்கணும்ல.”

“என்ன ஓட்டை?”

சம்மனசு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். சொல்லலாமா கூடாதா என்று தெரியாத முகம். பிறகு இனி என்ன என்பது போலச் சொல்லிவிட்டான். “நாப்பது மீட்டர் தாண்டினதுலேர்ந்து, ஒவ்வொரு ஷிப்டும் வெட்டறதுக்கு முந்தி, வெட்டப்போற எடத்துக்கும் அரை மீட்டர் கூடுதலா ஒரு ஓட்டை போடச் சொல்லுவாரு அண்ணன். வெரல் மொத்தம்தான். ராடை விட்டு இழுத்துப் பாப்பாரு. காஞ்சு வந்தா வெட்டு. அதுக்கு ரெண்டு மணி நேரம் போயிடும். அதனாலதான் நாங்க எப்பவும் பின்தங்கினது. சோம்பேறிக் கூட்டம்னு எங்களுக்கு எழுதிக் குடுத்த மெமோவை அண்ணன் மடிச்சிப் பையில வெச்சிருக்காரு. இந்தக் கதவும் கூடத்துக்குன்னு வந்த கதவுதான். அதுக்கும் ஒரு மெமோ.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு ராடு நனஞ்சி வந்துச்சுக்கா.”

தில்லை கதவில் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் ஏதாவது கேட்கிறதா என்று காதை ஒட்டினாள். சீறுகிற மாதிரி மெல்லிய சத்தம் இருந்தது. அது காற்றோட்டமா, தண்ணீரா, தன் காதுக்குள் ஓடுகிற ரத்தமா என்று அவளுக்குப் புரியவில்லை.

“அந்த ஓட்டைய அப்பிடியே வுட்டா அதுவே பெருசாகிப் பிச்சிக்கிட்டு வந்துருமாம். ஆப்பு அடிச்சிட்டுக் கதவுல மூணு தட்டு தட்டுவன், அப்பத்தான் தொறக்கணும்னாரு. தட்டலன்னா தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு,” என்றான் சம்மனசு.

“எவ்வளவு நேரமாச்சு?”

“அரை மணி.”

அரை மணி நேரமாக ஒருவன் உள்ளே தனியாக நிற்கிறான். தில்லை கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழாவது ஆளாக அவளும் காத்திருந்தாள். மனது கண்ட இடத்துக்கெல்லாம் ஓடியது. செண்பகவல்லி அண்ணிக்கு என்ன சொல்வது? அந்தப் பெண் போன வாரம் அனுப்பிய படத்தில் புடவை கட்டியிருந்தது. அண்ணன் அதை எல்லோரிடமும் காட்டிவிட்டு, என்னை மாதிரியே கண்ணு என்று சொன்னான். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணை அவன் திரையில்தான் பார்த்துவருகிறான். அதற்கு அவள் எழுதின இரண்டு வரிதான் காரணம். கடவுளே, அந்த மனுஷனை வெளியே விட்டுவிடு என்று தில்லை வேண்டிக்கொண்டாள். அவள் சாமி கும்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டாவது தட்டு வெகுநேரம் கழித்து வந்தது. மூன்றாவதற்குக் காத்திருந்த நேரம்தான் தில்லையின் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். அது வந்ததும் ஆறு பேரும் ஒன்றாகச் சக்கரத்தின்மேல் பாய்ந்தார்கள்.

கொளஞ்சி தானே நடந்து வெளியே வந்தான். இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து, தோல் உரிந்து தொங்கியது. தங்கச்சியைப் பார்த்ததும் அவன் நின்றான்.

“நீ ஏம்மா இங்க வந்த?”

“அண்ணே, பாறை…” அவள் அவன் அருகே போனாள். “பாறை திரும்பிக் கெடக்குண்ணே.”

“தெரியும்,” என்றான் கொளஞ்சி.

சம்மனசு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினான். கொளஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எரிச்சலைப் பொறுத்தான். தில்லை கேட்டாள், “எப்பிடிண்ணே தெரியும்? யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? பெட்டிய நான் திருப்பலன்னு எனக்குத் தெரியுமில்ல. நான் திருப்பலன்னா கல்லுதான திரும்பியிருக்கணும்?” இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல அவளைப் பார்த்தான். “நீ மேல ஒரு தண்ணிய அடைச்சாச்சின்னு சந்தோசமா இருந்த. பாய மடிச்சா கரை ரெண்டு தடவ வரும்ல. எங்க வரும்னு எனக்குக் கணக்குத் தெரியாது. அதான் தெனமும் குத்திக் குத்திப் பாத்தன்.”

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னன். நீதான் எய்திக்கல.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தில்லைக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

கதவுப் பக்கத்துப் போனில் அமலோற்பவத்திடம் விஷயத்தைச் சொன்னாள். ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், சுரங்கம் போய்விட்டது, கூடம் இல்லை. பிறகு அமலோற்பவம் சொன்னார், “தாழ்வாரத்துல படுக்க வெச்சாலும் உயிரோட படுப்பாங்க. பன்னெண்டு ஊருக்கும் மேல்காட்டியை நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்.” சரி மேடம் என்றாள் தில்லை. அவள் எதிர்பார்த்ததுதான்.

இன்றைக்கு மட்டும் அவள் வேலையில் இருந்தாள். பையிலிருந்து பதிவேட்டை எடுத்து அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மருத்துவர் இறங்கி வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். கொளஞ்சி ஈரத் துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

“சொல்லுண்ணே, எழுதிக்கிறேன்.”

“எத?”

“அன்னைக்குச் சொன்னத.”

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, எதிரில் யாரோ அதிகாரி உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“பெட்டிய நாங்க திருப்பல.”

அவள் அதை அப்படியே எழுதினாள். அவன் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. பக்கத்தில் எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியைப் போட்டுவிட்டு அவனிடம் காட்டினாள். கொளஞ்சி குனிந்து பார்த்தான்.

“இன்னைத் தேதியையும் கீழ போடு,” என்றான். “நடுவுல எத்தன நாளுன்னு எம் பொண்ணு எண்ணிப் பாக்கட்டும்.”